குன்றி உதிர்த்த குஞ்சம்

மரங்கள் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், இமயமலைச் சரிவில் அக்கா தங்கையாக இரண்டு காட்டு ஆப்பிள் மரங்கள் நின்றன. மூத்தவள் பவளாயி, காய் நெல்லிக்காய்ப் பருமன். இளையவள் குன்றி, காய் பட்டாணி அளவுதான். சரிவின் உச்சியில் இருந்த அம்மா மரம் இருவருக்கும் ஒரே சீதனம் கொடுத்திருந்தாள். காய் ஒவ்வொன்றின் அடியிலும் ஐந்து இதழ் வைத்த குஞ்சம். பூ கொட்டினாலும் அது கொட்டாது.

குன்றிக்கு அதில் அத்தனை பெருமை. வினையும் அதில்தான் வந்தது. ஒரு மழை நாளில் புழு ஒன்று வந்து, நனைகிறேன் தாயே, குஞ்சத்துக்குள் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்கிறேன் என்று கெஞ்சியது. பாவம் பார்த்தாள். அது உள்ளே குடைந்துகொண்டு போய், சொந்தபந்தத்தை எல்லாம் கூட்டி வந்துவிட்டது. பவளாயிக்குச் சதை அதிகம், தின்றது போக மிச்சம் இருந்தது. குன்றியிடம் என்ன இருக்கிறது? பனி விழுமுன்பே அவள் காயெல்லாம் சொத்தையாகிக் கொட்டின. அக்காவின் காய் அலகுக்குள் அடங்காததால் குன்றியையே நம்பியிருந்த பூங்குருவிகள் அந்தக் குளிர்காலத்தில் பசியால் செத்து விழுந்தன. ஒரு ஜோடிதான் பிழைத்தது.

மறு வருஷம் காய் பிடித்ததும் அந்த ஜோடியில் பெட்டை வந்து உட்கார்ந்தது. இந்தத் தடவையும் காய் கொட்டினால் தங்கள் குலமே முடிந்தது என்றது. புழு நுழைகிற வாசல் அந்தக் குஞ்சம்தான் என்றும் சொன்னது.

"அது அம்மா கொடுத்தது," என்றாள் குன்றி.

பவளாயியும் பதறினாள். கழற்றிப் போட்டால் அம்மா முகத்தில் எப்படி விழிப்பாய் என்று கேட்டாள். குன்றி மூன்று நாள் தவித்தாள். நான்காம் நாள் அடிமரத்தில் புழு ஊர்வது தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு உடம்பை ஒரு உலுக்கு உலுக்கினாள். குஞ்சம் அத்தனையும் கொட்டிவிட்டது, இருந்த இடமும் வழவழவென்று மூடிக்கொண்டது. புழு தடவித் தடவிப் பார்த்துவிட்டு அக்காவிடம் போய்விட்டது.

அப்புறம்தான் குன்றிக்கு அம்மாவின் நினைவு வந்தது. உச்சியை நிமிர்ந்து பார்க்காமலே, "அம்மா, நீ கொடுத்ததைக் கீழே போட்டுவிட்டேன்," என்றாள்.

அம்மா மரம் உச்சியிலிருந்து குனிந்து பார்த்தாள்.

"அடி அசடே, நீ போட்டுக்கொண்டு நல்லாயிருக்கத்தானே கொடுத்தேன். உன்னையே தின்னக் கொடுத்துவிட்டு அதைக் காப்பாற்றவா சொன்னேன்?"

போன உயிர் திரும்பி வந்தது குன்றிக்கு. அழுதாள், சிரித்தாள், கிளையெல்லாம் ஆடியது.

அன்று முதல்தான், பவளாயி வம்சத்துப் பழத்தின் அடியில் காய்ந்த குஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்க, குன்றி வம்சத்துப் பழம் மொழுக்கென்று இருக்கிறது. பனி மூடிய பிறகும் அவள் கொத்துக் கொத்தாய்ச் சிவந்து நிற்கிறாள், பூங்குருவி வந்து வயிறாரத் தின்றுவிட்டுப் போகிறது.