சோளத்தில் கால் வைத்த கோழி

அந்தக் காலத்தில், பூசணம்கூட வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த நாளில், சிவப்பி என்று ஒரு கோழி இருந்தாள். அவளைப் போல அடக்கம் ஊரிலேயே கிடையாது. தீனியில் கால் பட்டால் பாவம் என்று ஓரமாக நின்று, ஒவ்வொரு மணியாகத்தான் கொத்துவாள்.

ஒருமுறை விடாமல் அடைமழை. சிவப்பியை வளர்த்த சீரங்காயி தன் வீட்டுச் சோளத்தை ஈரத்தோடு கொட்டகையில் குவித்துவிட்டாள். பச்சைப் பட்டுப் போர்த்திக்கொண்டு பூசணம் சிவப்பியிடம் வந்தது.

"அக்கா, மழையில ஒதுங்க இடமில்ல. இந்தக் குவியல்ல ஒரு ஓரமா இருந்துக்கட்டுமா?"

மாட்டேன் என்று சொல்லச் சிவப்பிக்குக் கூச்சம். "இருந்துக்கோங்க" என்றாள்.

நாலாம் நாள் வெயில் வந்தது. ஆனால் குவியலில் ஒரு புழுங்கல் வாடை. சிவப்பியின் கடைக்குட்டிக் குஞ்சு தின்றதையெல்லாம் கக்கிவிட்டு, இறக்கை தொங்கிப்போய் உட்கார்ந்துவிட்டது.

"என் பிள்ளையை என்ன செஞ்ச?"

"நான் என்ன செஞ்சேன்? உக்காந்த இடத்துல பேரன் பேத்தி எடுத்தேன், அவ்வளவுதான். இன்னும் ரெண்டு நாள்ல குவியல் பூரா எங்க சொந்தம்தான்."

"வெளியே போ!"

"நீயே வந்து தள்ளு பார்ப்போம். சோத்துல கால் வைக்கிறவளா நீ?" என்று பூசணம் சிரித்தது.

சிவப்பி குஞ்சைப் பார்த்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, "சாமி, மன்னிச்சுக்கோ" என்று காலை வைத்தாள். பரட், பரட்! பச்சை பிடித்த கட்டியெல்லாம் குப்பைக்குழிக்குப் பறந்தது. நல்ல மணிகள் வாசல் வெயிலில் சிதறின.

"ஐயோ, என் பட்டு! என் பட்டு!" என்று பூசணம் அலறிச் சுருண்டது.

சத்தம் கேட்டுச் சீரங்காயி விளக்குமாற்றோடு ஓடிவந்தாள். "அடி கூறுகெட்டவளே! அன்னத்துலயா காலை வைக்கிற?"

ஓங்கிய கை அப்படியே நின்றது. பச்சைக் கட்டி ஒன்றை எடுத்துப் பார்த்தாள். துவண்டு கிடந்த குஞ்சைப் பார்த்தாள். விளக்குமாற்றைக் கீழே போட்டாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "சாமி, என்னையும் சேர்த்து மன்னிச்சுக்கோ" என்று தானும் சோளத்தில் இறங்கிக் காலால் துழாவினாள்.

பொழுது சாய்வதற்குள் கடைக்குட்டி எழுந்து தண்ணீர் குடித்து, அம்மா வாலைப் பிடித்து இழுத்தது.

அன்று முதல்தான் கோழி எதைப் போட்டாலும் கிளறிப் பார்த்துவிட்டுக் குஞ்சுகளைக் கூப்பிடுகிறது. நாமும் காயப்போட்ட தானியத்தைக் காலால் துழாவி விடுகிறோம். துழாவிக்கொண்டே, சொல்லிக்கொடுத்த கோழியைத்தான் "ச்சூ, ச்சூ" என்று விரட்டுகிறோம்!