மரகதத்தின் முழம்

கோணவாய்க்கால் என்ற ஊரில் மூன்று பேர் இருந்தார்கள். மழை வந்தால் குடை நனைந்துவிடுமே என்று அதைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு ஓடிவருகிற ரகம். மூத்தவர் உத்திராபதி. மற்ற இருவரான வைரக்கண்ணுவும் நாகமுத்துவும் அவருக்குத் தம்பிகள் மாதிரி. யோசிக்கிற வேலையை மூவரும் பங்கு போட்டுக்கொண்டதால் ஆளுக்குக் கொஞ்சம்தான் கிடைத்தது.

உத்திராபதி ஒரு பச்சோந்தி வளர்த்தார். முருங்கைக் கிளை ஒடிந்தபோது அதோடு வந்து அவர் தோளில் விழுந்தது, அப்புறம் இறங்கவே இல்லை. மரகதம் என்று பெயர் வைத்தார். பிள்ளை இல்லாத அந்த வீட்டில் மரகதத்துக்குத்தான் அத்தனை கொஞ்சலும். அவளுக்கு வெட்டுக்கிளி பிடித்துக் கொடுக்காமல் அவர் காபி குடிக்க மாட்டார்.

ஆவணியில் மரகதத்தின் வயிறு உப்பியது. உடம்பெங்கும் மஞ்சள் புள்ளிகள்.

"அம்மை போட்டிருக்குண்ணே" என்று வேப்பிலை கட்டினான் நாகமுத்து.

"மக்கு. முழுகாம இருக்காடா. வளைகாப்புப் போடணும்" என்றான் வைரக்கண்ணு.

ஒரு பெட்டி கண்ணாடி வளையல் வந்தது. சந்தனம் தொட்டு மாட்டப் போனால், மரகதம் வளையலுக்குள் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியேறி, தன் பாட்டுக்கு நடந்து போய்விட்டாள். வளையல்காரர் திரும்ப வாங்க மாட்டேன் என்றார். பெட்டி பரணில் ஏறியது.

அதற்கப்புறம் மரகதம் வெட்டுக்கிளியைத் தொடவில்லை. கிளையைவிட்டு இறங்கி, தரையெல்லாம் பிராண்டிக்கொண்டே திரிந்தாள். உத்திராபதிக்குச் சோறு இறங்கவில்லை. அவளை மேல்துண்டில் பொதிந்துகொண்டு மாட்டு டாக்டரிடம் ஓடினார். தம்பிகளும் பின்னால் ஓடினார்கள்.

"முட்டை போடப் போகுதுய்யா" என்றார் டாக்டர். "மண்ணுக்குள்ளதான் போடும். ஒரு முழம் ஆழத்துக்கு ஈரமண் வையி. ஆளு அது கண்ணுல படக் கூடாது. சுத்தி மரஞ்செடி இருந்தா தைரியமாப் போடும். எடம் கிடைக்கலன்னா முட்டையை வயித்துலயே அடக்கிக்கிட்டுச் செத்துப்போயிரும், ஜாக்கிரதை. போட்டப்புறம் எடத்தை மாத்தாத, புரட்டாத, மண்ணு காயாமத் தண்ணி தெளி. பொரிக்க எட்டு மாசம்கூட ஆகும்."

'செத்துப்போயிரும்' என்ற சொல் உத்திராபதியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஒரு எழுத்துப் பிசகக் கூடாது என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டே வந்தார்.

வீட்டு வாசலிலேயே முதல் சிக்கல் வந்தது.

"ஒரு முழம்னாரே, யாரு முழம்?" என்றார்.

"ஒங்க கைதான் நீளம். ஒங்க முழம்" என்றான் நாகமுத்து.

வைரக்கண்ணு கையைக் காட்டி நிறுத்தினான். "இருங்கண்ணே. மண்ணு யாருக்கு?"

"மரகதத்துக்கு."

"முட்டை யாரோடது?"

"அவளோடது."

"அப்ப முழம் மட்டும் ஊரான் முழமா?"

உத்திராபதி அசந்துபோனார். மரகதத்தின் முன்னங்காலை முழங்கையிலிருந்து விரல்நுனிவரை நூல் பிடித்து அளந்தார்கள். ஒரு கட்டைவிரல் நீளம்கூட வரவில்லை. அந்த ஆழத்துக்கு மண்ணைச் சலித்து, ஈரமாக்கி, பித்தளைத் தாம்பாளத்தில் பரப்பினார்கள். மரகதம் ஏறினாள். இரண்டு பிராண்டு பிராண்டியதும் நகம் பித்தளையில் கிறீச்சிட்டது. இறங்கிப் போய்விட்டாள்.

"ஆழம் சரியாத்தான் இருக்கு. நம்மளைப் பாத்துக் கூச்சப்படுறா" என்றார் உத்திராபதி.

"வெளியே போயிடலாமாண்ணே?" என்றான் நாகமுத்து. அவன் வாழ்நாளில் சொன்ன ஒரே உருப்படியான யோசனை அது. யாரும் காதில் வாங்கவில்லை.

"பூனை வந்தா யாரு பாக்குறது? இங்கேயே இருக்கணும். ஆனா ஆளா இருக்கக் கூடாது" என்றார் உத்திராபதி.

ஆளாக இல்லாவிட்டால் மரம்தானே? இரண்டு வேட்டிகளைச் சுற்றி அவர் தலையில் பெரிய முண்டாசு கட்டினார்கள். நடுவில் ஒரு வாளி ஈரமண்ணைக் கொட்டி அழுத்தி, அதில் முருங்கைக் கிளைகளை நட்டார்கள். அவர் மரம். மற்ற இருவரும் காதில் ஆளுக்கொரு கொத்துச் செருகிக்கொண்டு செடிகளானார்கள்.

மரகதம் ஒரு கண்ணால் தாம்பாளத்தைப் பார்த்தாள், மறு கண்ணால் மரத்தைப் பார்த்தாள். அப்புறம் உத்திராபதியின் கால்வழியே மெல்ல ஏற ஆரம்பித்தாள்.

"அண்ணே, தலையில தோண்டுறாண்ணே!" என்றான் நாகமுத்து.

"செடி பேசாதுடா" என்றது மரம், உதட்டை அசைக்காமல்.

கண்ணில் மண் கொட்டியது, மூக்கில் எறும்பு ஊர்ந்தது. அவர் தும்மவில்லை. பொழுது சாயும் நேரத்தில் மரகதம் மண்ணை மூடி, மிதித்து, ஒட்டிய வயிறும் இளம்பச்சை மேனியுமாக இறங்கி வந்து ஒரு வெட்டுக்கிளியை லபக்கென்று விழுங்கினாள்.

"பொழைச்சுட்டாடா எங்கண்ணு!" என்று உத்திராபதி நின்றபடியே அழுதார்.

அவர் மனைவி செங்கமலம் வந்து பார்த்தாள். "சரி, அந்த முண்டாசை அப்படியே தூக்கிக் கீழ வச்சுட்டுச் சாப்பிட வாங்க."

"எடத்தை மாத்தக் கூடாதுன்னு டாக்டரே சொல்லிப்புட்டாரு. நீ என்ன அவரைவிடப் பெரிய ஆளா?"

ஆக, உத்திராபதி அங்கேயே நின்றார். படுத்தால் முட்டை புரளும் என்று தூணில் சாய்ந்தே தூங்கினார். காலையும் மாலையும் நாகமுத்து பூவாளியால் அவருக்குத் தண்ணீர் ஊற்றினான். சொல்லிச் சொல்லிப் பார்த்துச் சலித்த செங்கமலம், ஒரு நாள் கொடிக்கயிற்றின் மறுமுனையை அவர் கையில் கட்டித் துணி காயப்போட்டாள்.

ஏழாம் மாதம் வைரக்கண்ணு பரணில் ஏறி வளையல் பெட்டியை இறக்கினான்.

"முட்டை இப்ப யாருகிட்ட இருக்கு? அண்ணன்கிட்ட. அப்ப வளையல் யாருக்கு?"

இந்தத் தடவை அளவு கச்சிதமாக இருந்தது. சந்தனம் பூசி, இரண்டு கையிலும் வளையல் அடுக்கி, புளிச்சோறு ஊட்டினார்கள். உத்திராபதி வெட்கப்பட்டுத் தலையைக் குனியப் போனார். டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து நிமிர்ந்துகொண்டார்.

அப்போதுதான் நாகமுத்து பதறினான். "வளைகாப்பு முடிஞ்சா தாய்வீட்டுக்கு அனுப்பணுமே! அண்ணனுக்குத் தலைப்பிரசவம் வேற. எடத்தையும் மாத்தக் கூடாது. என்ன பண்ணுறது?"

மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள்.

மறுநாள் பக்கத்து ஊரில் உத்திராபதியின் தாயார் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது, கூரையிலிருந்து ஓடு ஒன்று சரிந்து விழுந்தது. வெளியே வந்து அண்ணாந்தால், வைரக்கண்ணு மேலே நின்று ஓடு பிரிக்கிறான். கீழே நாகமுத்து கடப்பாரையும் மாட்டுவண்டியுமாக நிற்கிறான்.

"என் வீட்டை என்னடா பண்ணுறீங்க?"

"ஒங்க மவனுக்குப் பிரசவம் ஆத்தா. அவரால இங்க வர முடியாது. அதான் தாய்வீட்டை அங்க எடுத்துட்டுப் போறோம்."

ஆத்தா படாரென்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடப்பாவிகளா, கூரையை அப்புறம் பிரிக்கலாம். மொதல்ல அடுப்பைப் பேத்து வண்டியில ஏத்துங்கடா! பெத்துப் பொழைச்சவனுக்கு வெந்நீர் வைக்க வேணாமா?"