மணல் தட்டில் நின்ற வீடு

ஆறு வளைந்து ஓடும் ஒரு காட்டில் விலங்குகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. மரங்கொத்திதான் அங்கே ஆசிரியை.

மழைக்காலம் வந்தால் ஆற்று வெள்ளம் கரையோர வளைகளுக்குள் புகுந்துவிடும். அதனால் மரங்கொத்தி தன் வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்தது.

“ஆளுக்கொரு மாதிரி வீடு செய்யுங்கள். நிஜ வீட்டில் ஒரு முழம் என்றால் மாதிரியில் ஒரு விரல். வெள்ளம் ஏறாதபடி வீடு கால்கள் மேல் நிற்க வேண்டும். கால்களை மணல் தட்டில் ஊன்றுங்கள். தட்டோடு ஒட்டக் கூடாது, கட்டக் கூடாது. யானை வந்து தும்பிக்கையால் ஊதும். அதைத் தாங்கும் வீட்டை நாம் நிஜமாகவே கட்டுவோம். செய்தவரின் குடும்பம்தான் அதில் முதலில் குடியேறும்.”

நரிக்குட்டிக்கு எதிலும் தானே முதலில் வர வேண்டும். மெல்லிய கால்கள் மேல் இரண்டு அடுக்கு மாளிகை ஒன்றைச் செய்தது. தானே ஊதிப் பார்த்தது. மாளிகை குப்புற விழுந்தது.

‘காலைத் தடிமனாக்கினால் அழகு கெட்டுவிடுமே’ என்று யோசித்தது. பிறகு ஒரு தட்டைக் கல்லை எடுத்து, மாளிகையின் கால்களை வேப்பம்பிசினால் அதில் ஒட்டியது. கல்லைத் தட்டுக்குள் வைத்து, மேலே மணலைக் கொட்டி மூடியது.

சோதனை நாளன்று யானை ஊதியது. அணிலின் வீடு உருண்டு ஓடியது. முள்ளம்பன்றியின் வீடு பாதி சாய்ந்து நின்றது.

“ஐயோ, சாய்ந்துவிட்டதே!” என்று எல்லோரும் சிரித்தார்கள்.

“ஆமாம், சாய்ந்துவிட்டது” என்றபடி முள்ளம்பன்றி தன் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தது.

நரிக்குட்டியின் மாளிகை அசையவே இல்லை.

“இன்னும் பலமாக ஊதுங்கள், யானை மாமா!” என்றது நரிக்குட்டி.

யானை மூச்சு வாங்க ஊதியது. அப்போதும் மாளிகை நின்றது. வகுப்பே கைதட்டியது.

மறுநாளே வேலை தொடங்கிவிட்டது. யானை மரங்களைச் சுமந்து வந்தது. குரங்குகள் கொடிகளால் இறுகக் கட்டின. மாதிரியில் இருந்தபடியே மெல்லிய கால்கள் மேல் இரண்டு அடுக்கு வீடு எழும்பியது. நரிக்குட்டி அந்தக் கால்களைச் சுற்றிச் சுற்றி வந்தது. ‘இது பெரிய மரம்தானே, கனம் இருக்கும். நின்றுவிடும்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. வேறு யாரிடமும் வாய் திறக்கவில்லை.

முதல் மழை பெய்த மாலையில் தாய் நரி மற்றக் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறியது. காற்று பலமாக வீசத் தொடங்கியது.

“ஏன்டா வெளியே நனைகிறாய்? உன் வீடு, உள்ளே வா!” என்று தாய் நரி கூப்பிட்டது.

“நான் அப்புறம் வருகிறேன், அம்மா.”

தாய் நரி எட்டிப் பார்த்தது. குட்டி வீட்டின் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றது.

“இந்த வீடு நிற்குமா, நிற்காதா? உண்மையைச் சொல்!”

“நிற்காது அம்மா! இறங்கிவிடுங்கள்! தம்பியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுங்கள்!” என்று நரிக்குட்டி கதறியது.

தாய் நரி மற்றவர்களை முதலில் இறக்கிவிட்டு, கடைசிக் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு குதித்தது. அடுத்த காற்றில் வீடு ஒருபக்கமாகச் சரிந்து ஆற்றில் விழுந்தது.

சத்தம் கேட்டு எல்லோரும் ஓடி வந்தார்கள்.

“மாதிரி நின்றதே! வீடு எப்படி விழுந்தது?” என்று மரங்கொத்தி கேட்டது.

“நான் அடியில் கல்லை வைத்து ஒட்டியிருந்தேன், டீச்சர்” என்றது நரிக்குட்டி.

அப்போது முள்ளம்பன்றி அதன் அருகே வந்தது. “எந்தக் கால் முதலில் சாய்ந்தது?” என்று கேட்டது.

கேலி செய்கிறது என்று நினைத்து நரிக்குட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“நிஜமாகத்தான் கேட்கிறேன். என் வீட்டின் கால்களை அகட்டி வைத்து மறுபடி செய்திருக்கிறேன். உன் வீடு விழுந்ததைக் கீழே நின்று பார்த்தவன் நீதானே.”

நரிக்குட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டது. “ஆற்றுப் பக்கத்துக் கால். அங்கே மண் இளகிவிட்டது” என்றது. பிறகு முள்ளம்பன்றியை அந்த இடத்துக்கே அழைத்துப்போய்க் காட்டியது.

நீதி: சோதனையை ஏமாற்றி ஜெயித்தாலும், மறைத்த குறை நம் வீட்டுக்கே வந்து சேரும்.