கடைசியாகக் கறக்க வேண்டிய ஆடு

ஊத்துப்பாளையத்தில் புத்தி கூட்டுச் சொத்து. மூன்று பேர் சேர்ந்தால்தான் ஒரு யோசனை வரும். அதிலும் நஞ்சப்பனுக்கு யோசிக்கிற வியாதி வேறு.

அவன் பெண்டாட்டி ராசாமணியின் செல்ல ஆடு செவலைக்கு மடி வீங்கியிருந்தது. அவள் காதுகுத்துக்குக் கிளம்பும்போதே சொல்லிவிட்டாள்: "செவலைக்கு ஏதாச்சும் ஆச்சு, நான் எங்கப்பன் ஊட்டோடயே இருந்துக்குவேன்."

மாட்டு டாக்டர் வந்து பார்த்தார். "மடியில பூஞ்சை. ஈரம் ஆகாது, வெயில் படட்டும். வேளை தவறாம கறந்து பாலைக் குழியில கொட்டுங்க. ஆனா இதைக் கடைசியாத்தான் கறக்கணும். இல்லைன்னா உங்க கை வழியா மத்ததுக்கும் ஒட்டிக்கும்."

மடியோ அடியில், வெயிலோ மேலே. அண்ணன் குப்பண்ணனும் மாமன் சின்னானும் செவலையைக் கட்டிலில் மல்லாக்கப் போட்டுக் காலைப் பிடித்துக்கொண்டார்கள். சின்னான் வாயில் ஓர் உதை விழுந்தது. "மருந்து வேலை செய்யுது" என்றார், பல்லைத் துப்பிவிட்டு.

மறுநாள் காலை மற்ற இரண்டு ஆடுகளையும் கறந்துவிட்டு, நஞ்சப்பன் செவலையிடம் குத்தவைத்தான். கை போகவில்லை.

"அண்ணா, சாயங்காலம் அதுகளை மறுபடி கறப்பமல்ல?"

"கறக்காம?"

"அப்ப இது எப்படிக் கடைசி ஆகும்?"

குப்பண்ணன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். "நல்லவேளைடா, கறக்காம தப்பிச்சோம்."

சாயங்காலம் மற்ற இரண்டையும் கறந்ததும், மறுநாள் காலையும் அதுகளைக் கறக்க வேண்டுமே என்பது நினைவுக்கு வந்தது. செவலையின் மடி கல்லானது. ராசாமணி வரும் நாளும் வந்துவிட்டது.

"மத்ததுக இருந்தாத்தானே பின்னால கறப்போம்?" என்றார் சின்னான். இரண்டும் பக்கத்து ஊர்ப் பட்டிக்குப் போயின.

நிம்மதியாகக் குத்தவைத்த நஞ்சப்பன் மறுபடி எழுந்தான். "மாமா, ஒத்தை ஆடுன்னா முதல்ல கறக்கறதும் இதுதானே?"

முன்னால் கறக்க ஒன்று வேண்டும். அதற்கு நோயும் ஒட்டக் கூடாது.

"மடியே இல்லைன்னா எங்கடா ஒட்டும்?" என்றான் குப்பண்ணன்.

பொழுது சாய ராசாமணி படலைத் திறந்தாள். மற்ற இருவரும் கொம்பைப் பிடித்திருக்க, குப்பண்ணனின் கிடாய்க்கு அடியில் நஞ்சப்பன் சொம்போடு உட்கார்ந்திருந்தான்.

"என்ன கருமம் இது?"

"சத்தம் போடாத புள்ள. கூச்சத்துல பால் இறக்க மாட்டேங்குது. இது முடிஞ்சதும் செவலைதான்."

அப்பன் வீட்டுக்கு அப்புறம் போய்க்கொள்ளலாம் என்று, அவள் சொம்பைப் பிடுங்கிச் செவலையைக் கறந்தாள். சொட்டுவிடாமல் கறந்தாள். செவலை பெருமூச்சு விட்டது.

நஞ்சப்பன் கிடாயின் முதுகைத் தடவினான்.

"கடைசி முடிஞ்சுபோச்சே அண்ணா. இனி இதைக் கறக்கவே கூடாது. பாவம், பால் கட்டிக்கிட்டா என்ன பண்ணும்?"