ஆமை ருசி பார்த்த செஞ்சோளம்

ஏரிக்கரை ஆலமரத்தடியில் ஒரு குரங்கு கடை போட்டது. ஊருக்கு வெளியே சாயப்பட்டறைக்காரர்கள் கொட்டிவிட்டுப் போன சிவப்புப் பொடியை அள்ளி வந்தது. யாரும் சீண்டாத புழுத்த சோளத்தில் அதைப் போட்டுப் பிசைந்து உலர்த்தியது. சோளம் மாதுளை முத்து மாதிரி பளபளத்தது. ஒரு பிடிக்கு ஓர் அல்லிக்கிழங்கு என்று விலையும் வைத்தது.

"செஞ்சோளம் தின்னா உடம்பு தேறும், சிறகு மின்னும்!" என்று கூவியது குரங்கு.

அந்த ஏரியில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக எந்தத் தீனி வந்தாலும் முதலில் கிழட்டு ஆமைதான் தின்றுபார்க்கும். அடுத்த அமாவாசைவரை ஆமைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் எல்லோரும் தின்னலாம். ஆமை தின்றது. அமாவாசையும் வந்தது. ஆமைக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

"இந்த வயசுல எனக்கே ஒன்னும் ஆகல. உங்களுக்கு என்ன ஆயிடப்போகுது?" என்று அது கழுத்தை நீட்டிச் சொன்னது. அவ்வளவுதான், கடையில் கூட்டம் அலைமோதியது.

நாமக்கோழி என்ற நீர்ப்பறவையான குமுதவல்லி மட்டும் அந்தப் பக்கமே போகவில்லை. சோளத்தின் வாடை அவளுக்குக் குமட்டியது. அவள் கணவன் வரதனோ காலையும் மாலையும் அங்கேயே பழியாய்க் கிடந்தான்.

முட்டையிடும் பருவம் வந்தது. கோரைப்புல்லால் கட்டிய மிதக்கும் கூட்டில் குமுதவல்லி கண்ணும் கருத்துமாக அடைகாத்தாள். ஒரே ஒரு முட்டைதான் பொரிந்தது. மற்றவை கூழாகிப்போயின. பொரிந்த குஞ்சுக்கும் கால்கள் பின்பக்கமாகத் திருகியிருந்தன. நீந்தத் தெரியாமல் அது ஓரிடத்திலேயே சுழன்றது. பொழுது சாய்வதற்குள் கண்ணை மூடிவிட்டது.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் சும்மாவா போனார்கள்?

"அடைகாக்கத் தெரியலன்னா நாலு பேரைக் கேட்டிருக்கணும்" என்றது பக்கத்துக் கூட்டு முக்குளிப்பான்.

"தாய் உடம்புல சத்து இல்லன்னா இப்படித்தான் பொறக்கும். நீயும் செஞ்சோளம் தின்னிருக்கணும்மா" என்றது ஆமை.

குஞ்சைப் பறிகொடுத்தவளிடம் பேசுகிற பேச்சா இது? வரதன் செத்த குஞ்சின் பக்கத்தில் குனிந்து அழுதுகொண்டிருந்தான். அவனுடைய வெள்ளை அலகு நுனிவரை சிவந்திருந்தது.

குமுதவல்லி அதையே பார்த்தாள். போன வருஷத்துக் குஞ்சுகள் நினைவுக்கு வந்தன. அவற்றுக்கு நடை அப்பனைப் போல, குரல் அம்மாவைப் போல. குஞ்சில் பாதி அவனுடையதுதானே?

ஆமையின் பக்கம் திரும்பினாள். "ஆமையாரே, உங்க வீட்டுல கடைசியா எப்போ முட்டை பொரிஞ்சுது?"

"அது இந்தக் கரை கட்டுறதுக்கு முன்னாடிம்மா. அதுக்கென்ன இப்போ?"

"அப்போ நீங்க பார்த்தது உங்க நாக்கு ருசியத்தானே? இனிமே பொறக்கப்போற குஞ்சுக்காக யாரு ருசி பார்த்தா? நான் அந்தச் சோளத்துல ஒரு மணியைத் தொட்டதில்ல. தின்னது இவரு. குஞ்சு எப்படி உருவாகணும்ங்கற சேதி தாய்கிட்ட பாதி, தகப்பன்கிட்ட பாதி இருக்கு. இந்தச் சாயம் தின்னவங்களை விட்டுட்டு அந்தச் சேதியைப் போய்க் கெடுத்திருக்கு."

குரங்கு ஆலமரக் கிளையில் மனைவியோடு உட்கார்ந்தபடி சிரித்தது. "ஒரு கூட்டுல குஞ்சு செத்தா அதுக்கு என் சோளமா பொறுப்பு?"

"ஒரு கூடா? முக்குளிப்பானே, உன் முட்டை ஏன் இன்னும் பொரியல? நீ சொல்லு."

"எங்க கூட்டுலயும் ஒன்னும் பொரியல" என்று முக்குளிப்பான் தலை குனிந்தது. பக்கத்தில் நின்ற வாத்து விம்மி அழுதது. அதன் முட்டைகளில் கருவே பிடிக்கவில்லை.

"எதிர்க்கரையில இருந்து யாரும் இந்தக் கடைக்கு வரல. அங்க குஞ்சுங்க வரிசையா நீந்துது, போய்ப் பாரு" என்றாள் குமுதவல்லி. பிறகு குரங்கை நிமிர்ந்து பார்த்தாள். "உன் பொண்டாட்டி மாசமா இருக்காளே. அவளுக்கு ஒரு பிடி குடு, பார்ப்போம்."

குரங்கின் சிரிப்பு நின்றது. அதன் கை தன்னையறியாமல் மனைவியின் வாய்க்கு முன்னால் போய் மறைத்தது. தெரிந்தேதான் விற்றிருக்கிறது, பாவி!

பறவைகள் ஒன்றாகப் பாய்ந்தன. கொத்திக் கொத்திக் குரங்கை ஏரியை விட்டே விரட்டின. மிச்சமிருந்த செஞ்சோளத்தை யார் வாயிலும் படாதபடி ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தன. ஆமை ஓட்டுக்குள் போனதுதான், வெளியே தலைகாட்டவில்லை.

எல்லாம் அடங்கிய பிறகு வரதன் மெல்ல வந்தான்.

"இனிமே நான் அதைத் தொடமாட்டேன் வல்லி. அடுத்த வருஷம் நமக்கு நல்ல குஞ்சு பொறக்கும்ல?"

அவனைத் திட்டத்தான் அவள் வாய் திறந்தாள். இன்னும் சிவப்பு மாறாத அவன் அலகைப் பார்த்தாள்.

"தெரியலங்க" என்றாள்.

தின்றவன் நன்றாக இருக்கிறான் என்பதால் தீனி நல்லதாகிவிடாது. இனிமேல் பிறக்கப்போகிறவர்களுக்கும் அது நல்லதா என்று கேட்ட பிறகே வாயைத் திறக்க வேண்டும்.