கறுத்த ஆயில்

ஆசிரமத்துக்கு வருமுன் சிங்காரம் பஸ் டிப்போவில் மெக்கானிக். பாதி ஆயுசை வண்டிக்கு அடியில் படுத்தே கழித்தவர். தன்னைவிட வயதில் இளையவரான சிவகாமி அம்மையைக் குருவாக ஏற்றதில் அவருக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. அம்மையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வாய் ஓயாது.

வருகிறவர்களின் வழக்கைக் கேட்பதுதான் அம்மை அவருக்குக் கொடுத்த வேலை. பங்காளிச் சண்டை, மாமியார் மருமகள் சண்டை, வரப்புத் தகராறு எல்லாம் அவர் காதில்தான் விழும். பொறுமையாகக் கேட்டு, சமாதானம் பேசி அனுப்புவார். நன்றாகத்தான் செய்துகொண்டிருந்தார்.

ஒரு நாள் காலையில் தோளில் துணிப்பையோடு வந்து நின்றார். அம்மை கிணற்றடியில், ஓடி நின்ற டீசல் பம்புசெட்டின் பக்கத்தில் இருந்தார்.

"மலைக்குப் போறேன்மா. உத்தரவு குடுங்க."

"என்ன ஆச்சு?"

"மனசு சுத்தமாகணும்னு இங்க வந்தேன். ஊர் அழுக்கெல்லாம் எனக்குள்ள எறங்கிருச்சு. நேத்து ஒரு பெரியவர், மகன் சோறு போடலைன்னு அழுதுக்கிட்டு வந்தார். ‘உங்க மேலயும் தப்பிருக்கும், போங்க’ன்னு எரிஞ்சு விழுந்துட்டேன். இன்னும் இங்க இருந்தா கெட்டுப்போயிருவேம்மா."

அம்மை இன்ஜினில் ஆயில் பார்க்கும் கம்பியை உருவி அவரிடம் நீட்டினார். ஆயில் மையாய்க் கறுத்திருந்தது.

"இது கெட்டுப்போச்சா?"

சிங்காரத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"டீசல் இன்ஜின்ல ஆயில் கறுக்கத்தாம்மா செய்யும். கரியையெல்லாம் தன்மேல வாங்கிக்குது. ஊத்தி ரொம்ப நாளாகியும் கறுக்கலைன்னாத்தான் சந்தேகப்படணும். கரியெல்லாம் உள்ளேயே படிஞ்சு கெடக்கும்."

சொல்லிவிட்டுத் தோளில் கிடந்த பையைப் பார்த்தார்.

"கறுத்தா கறுக்கட்டும்னு விட்டுருவீங்களா?"

"ஐயோ, அதெப்படி? அப்பப்ப வடிச்சிட்டுப் புதுசு ஊத்தணும். இல்லாட்டி இன்ஜினே போயிரும்."

"அப்ப மொதல்ல அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போயிட்டு வாங்க. சாயங்காலம் மனசுல உள்ளதையெல்லாம் எங்கிட்ட கொட்டுங்க."

சிங்காரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு குரு யாருக்குக் கிடைக்கும்! பையைக் கீழே வைத்தார். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"ஊரே வந்து அழுதாலும் உங்கமேல ஒண்ணும் ஒட்டறதில்லை. நான் அப்படியாம்மா?"

அம்மை கம்பியைத் துடைத்து உள்ளே செருகினார்.

"ஒட்டலைன்னு யார் சொன்னது?"