கயிறு நின்ற இடம்

“அவனையா உள்ள விட்டீங்க?”

கொற்றனுக்கு இடுப்பிலிருந்த தண்ணீர்க் குடத்தைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

“ஆமா. பசின்னு சொன்னான். கஞ்சி குடிச்சிட்டுத் தூங்குறான்” என்றார் வேண்மாள்.

வேண்மாள்தான் அந்த மலைப் பள்ளியின் குரு. கொற்றனைவிட வயதில் இளையவர். கோணம் அமைக்கவும் அளக்கவும் அவரிடம் படித்தவர்கள்தான் சுற்றுவட்டாரத்தில் கோயில்களுக்குக் கடைக்கால் போடுகிறார்கள்.

கொற்றன் அவருடைய மூத்த சீடன். கோணம் என்றால் அவனுக்கு உயிர். கஞ்சிக் கலயம் சாய்ந்திருந்தால்கூட எத்தனை பாகை என்று சொல்லிவிட்டுத்தான் நிமிர்த்துவான்.

உள்ளே தூங்குகிறவன் எயினன். அவனும் இங்கே படித்தவன்தான். அவன் தப்பாகப் போட்ட கோணத்தை வேண்மாள் ஒருநாள் எல்லார் முன்னாலும் அழித்துவிட்டார். அந்தக் கோபத்தில் அவருடைய குடிசைக்குத் தீ வைத்துவிட்டு ஓடிப்போனவன் இன்றுதான் திரும்பி வந்திருக்கிறான்.

எரிகிற கூரைக்கடியிலிருந்து அவரை இழுத்து வந்தவன் கொற்றன்.

“உங்க கன்னத்துத் தழும்பைத் தொட்டுப் பாத்துட்டுப் பேசுங்கம்மா.”

“அவனும் பாத்தான். அப்புறம் ரொம்ப நேரம் தலை நிமிரல.”

“நான் ஒரு நாள்கூட இங்கேருந்து நகர்ந்ததில்ல. அவனும் நானும் ஒண்ணா?”

வேண்மாள் அவன் இடுப்பிலிருந்த குடத்தை வாங்கிக் கீழே வைத்தார்.

“அவன் இருந்தா நான் போயிடுவேன்.”

சொன்ன பிறகு அவனுக்கே பகீரென்றது. இந்தப் பள்ளியை விட்டால் அவனுக்குப் போக்கிடம் கிடையாது.

“சரி, முற்றத்துக்கு வா. அந்தச் சுவரைப் பாத்துத் திரும்பி நில்லு. கோணம் எத்தனை வகை?”

இந்த நேரத்தில் பாடமா? கொற்றனுக்கு எரிச்சல் மண்டியது. ஆனாலும் நின்றான்.

“குறுங்கோணம், செங்கோணம், விரிகோணம், நேர்கோணம், பின்வளைகோணம்.”

“அப்புறம்?”

“அவ்வளவுதான்.”

“இப்ப திரும்பு.”

பாடத்துக்காக அங்கே மணலில் எப்போதும் இரண்டு முளைக்குச்சிகள் அடித்திருக்கும். இப்போது ஒவ்வொரு முளையிலும் இரண்டு கயிறுகள். இரண்டு இடத்திலும் கயிறு மேல் கயிறு கிடந்தது. மேல் கயிற்றின் நுனியில் ஓர் ஆணி.

“இங்க என்ன கோணம்?”

“கோணமே இல்லம்மா. பூச்சியம்.”

“அங்க?”

“அதுவும் பூச்சியம்தான்.”

“அளந்து சொல்லு.”

அளக்க என்ன இருக்கிறது இதில்! முணுமுணுத்துக்கொண்டே பாகைமானியை எடுத்துவந்து இரண்டாவது முளைக்குப் பக்கத்தில் குனிந்தான்.

குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

முளையைச் சுற்றி மணலில் ஆணி கீறிய தடம். கயிறு கிடந்த இடத்தில் தொடங்கி, முழுதாகச் சுற்றி, அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தது.

எத்தனையோ வருஷமாக ஒரு கோணத்தையும் அவன் தப்பாகச் சொன்னதில்லை.

“முழுக்கோணம்” என்றான். “முந்நூத்து அறுபது.”

“கயிறு ரெண்டு இடத்திலயும் ஒரே மாதிரிதான கிடக்கு?”

“ஆமா. நான் கயித்தை மட்டும் பாத்தேன். மணலைப் பாக்கல.”

எயினன் தூங்கும் குடிசைப் பக்கம் அவன் பார்வை போனது. வாசலில் கிடந்த செருப்புகள் வாரறுந்து, தேய்ந்து, நார்நாராக இருந்தன.

“இது அவன்னு சொல்றீங்களா?”

“நான் கோணத்தைத்தான் கேட்டேன்.”

கொற்றன் முதல் முளையைப் பார்த்தான். அங்கே மணல் ஒரு பொடிகூட அலுங்காமல் கிடந்தது.

அந்த முளையைக் காட்டினான்.

“அப்ப… இது யாரும்மா?”

வேண்மாள் உள்ளே போய் ஒரு சோற்று மூட்டையோடு வந்தார். உயிரைக் காப்பாற்றியவனைப் பார்த்து அவர் கண் கலங்கியிருந்தது. மூட்டையை அவன் கையில் வைத்தார்.

“நீயும் ஒரு சுத்து போயிட்டு வா, கொற்றா.”